யாழ்ப்பாணத் தொகுதியில் துரையப்பா எப்படி வென்றார்?

2025 ஜனவரி 11, மாலை: கொட்டடி வாசகர் ஒருவரின் கேள்வி

1960 மார்ச்சில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலத்தை யாழ்ப்பாணத்தில் ஒரு சுயேச்சை வேட்பாளர் தோற்கடித்திருக்கிறார். கட்சியும் இல்லை, கொள்கைப் பிரகடனமும் இல்லை. மூன்று தேர்தல் தொடர்ந்து வென்றவரை அல்பிரட் துரையப்பா எப்படி விழுத்தினார்? காசா, சாதியா, சமயமா? தெரிந்த ஆக்கள் சொல்லுங்கோ.

ஜனவரி 11, இரவு 9.40

மூன்றும் இல்லை. மாநகரசபை.

துரையப்பா 1952 இலேயே சபைக்குள் வந்துவிட்டார். பிறகு மேயர். ஒரு பட்டணத்து மனிசருக்குத் தேவையானது பெரும்பாலும் சபையில்தான் இருக்கிறது: தெரு விளக்கு, வெள்ளவாய்க்கால், சந்தைக்குள் ஒரு கடை, வீட்டு வரியில் ஒரு திருத்தம். ஜி. ஜி. யின் கையில் அது எதுவும் இல்லை. அவர் பேசியது இலங்கைக்கு யாப்பு எழுத பிரித்தானியர் அனுப்பிய சோல்பரி ஆணைக்குழுவோடு. துரையப்பா பேசியது வட்டாரத்தோடு.

யாழ் பொது நூலகத்தை 1959 ஒக்டோபர் 11 ஆம் திகதி மேயராக இருந்து திறந்து வைத்தவர் துரையப்பா. பொதுத் தேர்தல் 1960 மார்ச் 19. இடையில் ஐந்து மாதம். பட்டணத்துச் சனம் அந்த வெள்ளைக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டேதான் புள்ளடி போடப் போனது.

அப்பா கஸ்தூரியார் வீதியில் புத்தகம் கட்டும் கடை வைத்திருந்தவர். திறப்பு விழாவுக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாராம். எனக்கு அப்போது நாலு வயது. ஞாபகத்தில் இருப்பது வெள்ளை வேட்டிகளும் புதுப் பெயின்ற் மணமும்தான்.

ஜனவரி 12, காலை

இரவு எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். அதையும் சேர்க்காவிட்டால் என் பதில் அரைகுறை.

1947, 1952, 1956 தேர்தல்களில் ஜி. ஜி. வென்ற தொகுதியும் 1960 இல் அவர் தோற்ற தொகுதியும் ஒன்றல்ல. குடாநாட்டுத் தொகுதிகளை 1960 க்கு முன் புதிதாகப் பிரித்தார்கள். நல்லூர் தனித் தொகுதி ஆனது. யாழ்ப்பாணத் தொகுதி பட்டணத்தோடு ஒடுங்கியது. 1952 இலும் 1956 இலும் ஜி. ஜி. யோடு மோதிய தமிழரசுக் கட்சியின் டொக்டர் நாகநாதன் 1960 இல் நல்லூருக்குப் போய் அங்கே வென்றார். ஒரு மேயருக்கு இதைவிட வாய்ப்பான எல்லை கிடைக்காது.  மேயராகச் செய்த ஒவ்வொரு வேலையும் அப்படியே வாக்காக மாறக்கூடிய இடம் அது.

அதே ஆண்டு ஜூலையில் மறுபடியும் தேர்தல் வந்தது. மறுபடியும் துரையப்பாவே வென்றார். முதல் வெற்றி தற்செயல் என்றவர்களுக்கு அதுவே மறுமொழி.

ஜனவரி 12, பின்னேரம்

சுண்டுக்குழியிலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: ஜி. ஜி. யைத் தொகுதியை மறந்தவர் மாதிரிக் காட்டக்கூடாதாம். சரி. என் சின்னையாவும் இதைத்தான் சொல்லுவார், வீட்டு விறாந்தையில், துரையப்பாவின் பக்கம் நின்ற அப்பாவோடு சண்டை பிடித்துக்கொண்டு. வேடிக்கை என்னவென்றால் சின்னையா தமிழரசுக் கட்சிக்காரர். ஜி. ஜி. க்கு ஒருநாளும் வாக்குப் போடாதவர். ஆனாலும் துரையப்பாவின் பெயர் வந்தால் ஜி. ஜி. யின் பக்கம் சாய்ந்துவிடுவார்.

ஜி. ஜி. யின் கணக்கு இது. பருத்தித்துறைப் பக்கத்து ஆள். அரசாங்க சபைக்கு 1934 இல் பருத்தித்துறை உறுப்பினராகத்தான் போனார். 1944 ஓகஸ்ட் 29 இல் தமிழ்க் காங்கிரஸைத் தொடங்கினார். சோல்பரிக்கு முன்னால் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டார்: ஆசனத்தில் பாதி சிங்களவருக்கு, பாதி மற்ற எல்லா இனத்தவருக்கும். 1947 இல்தான் பட்டணத்துக்கு வந்து எலக்சன் கேட்டார். எதிரே நின்றவர் சாதாரண ஆள் இல்லை: சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் மகன், அரசாங்க சபையில் உள்நாட்டு அமைச்சராக இருந்த அருணாசலம் மகாதேவா. அவரையே பெரிய வித்தியாசத்தில் சாய்த்தார்.

1948 இல் டி. எஸ். சேனநாயக்கவின் அரசில் அமைச்சர் ஆனார். காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி, மூன்றும் அவருடைய பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. அப்பா இங்கேதான் குறுக்கிடுவார்: "மூண்டும் நல்லது. மூண்டில ஒண்டாவது பட்டணத்துக்குள்ள இருக்கோ?"

அப்பாவின் கேள்வி அநியாயம் என்று இப்போது நினைக்கிறேன். வாழைச்சேனைக் கடதாசி வந்த பிறகுதான் அவருடைய கடைக்கு மலிவான தாள் கிடைத்தது. அதை அவரே வேறொரு நாள் சொன்னார், தேர்தல் பேச்சு இல்லாத ஒரு நாளில்.

மலையகத் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினையில் ஜி. ஜி. அரசோடு போனது பற்றி இங்கே நீட்ட மாட்டேன். செல்வநாயகம் காங்கிரஸில் இருந்து பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு அதுதான் காரணம். அந்தப் பிரிவு இல்லாமல் இருந்திருந்தால் 1960 இல் துரையப்பா வென்றிருப்பாரா? இந்தக் கேள்விக்கு எனக்கு நிம்மதியான விடை இல்லை.

ஜனவரி 14, பொங்கல்

வீட்டில் ஆக்கள். பிறகு எழுதுகிறேன். 1970 பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரே ஒரு எண்: 56.

ஜனவரி 15

1965 இல் ஜி. ஜி. தொகுதியைத் திருப்பிப் பிடித்தார். 1970 மே 27 இல் மூவர் நின்றார்கள்.

தமிழரசுக் கட்சி, சி. எக்ஸ். மார்ட்டின்: 8,848
சுயேச்சை, அல்பிரட் துரையப்பா: 8,792
தமிழ்க் காங்கிரஸ், ஜி. ஜி. பொன்னம்பலம்: 7,222

நூறு பேரில் முப்பத்தாறு பேரின் வாக்குக்கூட இல்லாதவர் எம்.பி. ஆனார். இரண்டாம் இடத்துக்கு வந்தவர் தோற்றது 56 வாக்கால். ஒரு ஒழுங்கைச் சனம்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். பாயை விட்டு எழும்பவில்லை. அப்பா காலையிலேயே போய்ப் போட்டுவிட்டு வந்து, மத்தியானம் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, "ஏலுமெண்டால் வாருமன், கைபிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறன்" என்று கேட்டார். அம்மா போகவில்லை. அடுத்த நாள் முடிவு வந்தது. அப்பா ஒரு சொல்லும் சொல்லவில்லை. அம்மாதான் தன் காலம் முடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தா: "அம்பத்தாறில ஒண்டு என்னிலதான் நிக்குது." 2011 இல் அவ கண்ணை மூடுவதற்குச் சில கிழமைக்கு முன்னும் சொன்னா. ஒரு வாக்குக்கு அப்படியொரு பாரம் இருந்த தேர்தலை நான் பிறகு காணவில்லை.

ஜனவரி 15, இரவு

"ஜி. ஜி. குறுக்கே நின்றதால்தான் துரையப்பா தோற்றார்" என்று மேலே ஒருவர். நானும் நாற்பது வருடமாக அப்படித்தான் நம்பினேன், அப்பா அப்படிச் சொன்னதால்.

இன்று பின்னேரம் அந்த மூன்று எண்ணையும் கடதாசியில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜி. ஜி. நிற்காமல் விட்டிருந்தால் அந்த 7,222 பேர் எங்கே போயிருப்பார்கள்? பத்து வருடமாகத் தங்கள் தலைவரோடு மல்லுக்கட்டிய துரையப்பாவிடமா? பெரும்பகுதி மார்ட்டினிடம்தான் போயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்படியானால் ஜி. ஜி. நின்றதுதான் துரையப்பாவை 56 வரைக்கும் கிட்டக் கொண்டுவந்தது. அப்பா இருந்திருந்தால் இதைக் கேட்டு எழும்பிப் போயிருப்பார். ஆனால் எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

ஜனவரி 17

மார்ட்டின் பற்றிக் கேட்டீர்கள். வென்ற இரவைத் தவிர எங்கள் வீட்டில் அவர் பேச்சே இல்லை. என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

ஜனவரி 18

இதைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். கொட்டடி வாசகர் நேராகவே கேட்டுவிட்டார்: "உங்கட எழுத்தைப் பார்த்தால் துரையப்பாவை நல்லவர் எண்டு சொல்ல வாறியள் போல கிடக்கு."

நல்லவர் கெட்டவர் என்று தரம்போட வரவில்லை. எனக்குள் இருப்பதைச் சொல்கிறேன்.

1970 இல் தோற்ற துரையப்பா திரும்பவும் மேயர் ஆனார். இந்தமுறை சிறீமாவோ அரசின் ஆள், சுதந்திரக் கட்சியின் யாழ்ப்பாண அமைப்பாளர். பட்டணத்துக்கு வேலை கொண்டுவர ஆளும் கட்சியோடு நிற்க வேண்டும் என்பது அவருடைய வழி. 1972 யாப்பு வந்தது. பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவரிடம் கூடிய புள்ளி கேட்ட தரப்படுத்தல் வந்தது. என்னோடு படித்தவர்கள் நல்ல புள்ளி எடுத்தும் வீட்டில் இருந்தார்கள். அந்த நேரத்தில் அரசின் ஆளாக இருப்பதென்றால் என்னவென்று எங்கள் வயதுக்காரருக்கு விளங்கத் தேவையில்லை, எரிந்தது.

1974 ஜனவரி 10. தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள். வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் நின்ற சனத்துக்குள் நானும் நின்றேன், பின்பக்கமாக. பொலிஸ் உள்ளே இறங்கியது, மின்கம்பி விழுந்தது, சனம் சிதறியது. நான் செருப்பில்லாமல் வீட்டுக்கு ஓடி வந்தேன். அன்று இறந்தவர்களின் சாவுக்குப் பட்டணம் மேயரைக் குற்றம் சொன்னது. நானும் சொன்னேன். அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னேன்: "உங்கட ஆள்." அவர் தைத்துக்கொண்டிருந்த புத்தகத்தில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை.

1975 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோவிலடியில் துரையப்பாவைச் சுட்டார்கள். கிறிஸ்தவராக இருந்தும் அந்தக் கோவிலுக்கு வழமையாகப் போகிறவர். மூன்று வருடம் கழித்துப் புலிகள் அதற்கு உரிமை கோரினார்கள்.

செய்தி கேட்டபோது எனக்குள் ஒரு திருப்தி வந்தது. இருபது வயது. அதை எழுதாமல் விட்டால் இந்த இழையில் நான் எழுதிய மற்றதெல்லாம் பொய். அப்பா இரண்டு நாள் கடை திறக்கவில்லை. எங்களுக்குள் அதைப்பற்றி ஒருபோதும் கதைக்கவில்லை, அவர் 1999 இல் சாகும்வரை.

வாக்கால் தோற்கடிக்கக்கூடிய ஒரு மனிதர் அவர். 1965 இல் தோற்கடித்தோம், 1970 இல் தோற்கடித்தோம். 56 வாக்கு என்றாலும் தோல்வி தோல்விதான், அவரும் ஏற்றுக்கொண்டு போனார். பிறகு துவக்கு வந்தது. அதற்குப் பிறகு எங்கள் பட்டணத்தில் யாரும் நிம்மதியாகத் தோற்க முடியவில்லை. இது எனக்கு விளங்க இருபது வருடம் பிடித்தது.

ஜனவரி 19

நேற்றைய குறிப்பை அழிக்கச் சொல்லி ஒருவர். அழிக்கமாட்டேன்.

ஜனவரி 22

நூலகத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இந்தத் தொகுதியின் கதை அதைச் சுற்றித்தான் போகிறது.

1977 ஜூலையில் தமிழர் விடுதலைக் கூட்டணியில் வெ. யோகேஸ்வரன் வென்றார். சட்டத்தரணி. அந்த ஆண்டு டிசம்பரில் ஜி. ஜி. மலேசியாவில் காலமானார். யோகேஸ்வரன் கையில் மாநகரசபையும் இல்லை, அமைச்சும் இல்லை. எதிர்க்கட்சி எம்.பி.யாக இருந்து பட்டணத்துக்கு அவர் செய்யக்கூடியது கேள்வி கேட்பதும் கடிதம் எழுதுவதும்தான். அப்பா அவரைப் பற்றி ஆரம்பத்தில் "பேச மட்டும் தெரிஞ்சவர்" என்றார்.

1981 மே 31. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு நாலு நாள். நாச்சிமார் கோவிலடியில் கூட்டணியின் கூட்டம். அங்கே பொலிஸ்காரர் சுடப்பட்டார்கள். அதன்பின் பொலிஸ் பட்டணத்தைக் கொளுத்தத் தொடங்கியது. யோகேஸ்வரனின் வீடு எரிந்தது. அவரும் மனைவியும் பின்பக்கத்தால் தப்பினார்கள். கூட்டணி அலுவலகம், ஈழநாடு பத்திரிகை, கடைகள். அடுத்த இரவு நூலகம். 97,000 புத்தகங்கள்.

துரையப்பா திறந்த கட்டடம் எரிந்தபோது அந்தத் தொகுதியின் எம்.பி.க்குத் தன் வீட்டிலேயே கதவு இல்லை.

மூன்று நாள் கழித்து அப்பாவும் நானும் போனோம். அப்பா அந்த நூலகத்துக்காக இருபது வருடத்தில் கட்டிய புத்தகங்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார்: திகதி, தலைப்பு, கலிக்கோத் துணியா தோலா, எத்தனை சதம். கொப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தார். ஏன் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. சாம்பலுக்குள் நின்று ஒருக்கா எடுத்துப் பார்த்தார், திரும்பவும் செருகினார். வரும் வழியில் சொன்னார்: "யோகேஸ்வரனைப் பிழையாச் சொல்லிப்போட்டன்."

ஜனவரி 23

யோகேஸ்வரனின் மீதியைக் கேட்டவருக்குச் சுருக்கமாக.

1982 டிசம்பர் 22 சர்வசன வாக்கெடுப்போடு பாராளுமன்றத்தின் காலத்தை நீட்டினார்கள். வர வேண்டிய தேர்தல் வரவில்லை. 1983 ஜூலையில் இனக்கலவரம், ஓகஸ்டில் தனிநாடு கேட்பதைத் தடைசெய்த ஆறாம் திருத்தம், அதன்படி சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த கூட்டணி எம்.பி.க்கள் ஒக்டோபரில் ஆசனத்தை இழந்தார்கள். 1989 ஜூலை 13 இல் கொழும்பில் கூட்டணியின் செயலாளர் நாயகம் அமிர்தலிங்கத்தோடு சேர்த்து யோகேஸ்வரனையும் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய மனைவி சரோஜினி யோகேஸ்வரன் 1998 ஜனவரியில் தேர்தலில் வந்து யாழ்ப்பாணத்தின் முதல் பெண் மேயர் ஆனார். மே 17 இல் அவரையும் சுட்டார்கள். அவருக்குப் பின் மேயரான பொன் சிவபாலன் செப்டெம்பர் 11 இல் குண்டு வெடிப்பில் இறந்தார்.

எழுதிவிட்டுப் பார்க்கிறேன். துரையப்பாவிலிருந்து சிவபாலன் வரை, இந்தப் பட்டணத்தின் மேயர்களும் எம்.பி.யுமாக நாலு பேர். எல்லாரும் வாக்குக் கேட்டு வந்த ஆக்கள்.

ஜனவரி 26

புத்தளத்திலிருந்து ஒரு வாசகி எழுதியது என்னை இரண்டு நாள் நித்திரை கொள்ள விடவில்லை. அவவின் தகப்பனார் சோனகத் தெரு, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் இடம். "எங்கட வாப்பா துரையப்பாவுக்குத்தான் போட்டவர். நீங்கள் எழுதின பட்டணத்துக்குள்ள எங்களைக் காணேல்லை" என்கிறா.

உண்மை. அப்பாவின் கடைக்குத் தோல் கொடுத்தவர் சோனகத் தெருக்காரர். தேர்தல் காலத்தில் அப்பா பின்னேரங்களில் போய்க் கதைத்துக்கொண்டிருந்ததும் அங்கேதான். சுயேச்சையாக நின்றவரைத் தாங்கியது கட்சி மேடைக்கு வெளியே நின்ற சனம்: முஸ்லிம்கள், கரையோரத்துக் கத்தோலிக்கர், சிறு வியாபாரிகள். நான் முதல் குறிப்பில் மாநகரசபை என்று ஒரு சொல்லில் முடித்தது போதாது. சபை அவர்களுக்கு முக்கியமாக இருந்ததற்குக் காரணம், வேறு எங்கும் அவர்களுக்குக் கதிரை போடப்படவில்லை.

1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றினார்கள். தோல் கொடுத்தவரின் குடும்பமும் போனது. அப்பா அவருக்கு அறுபது ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் காசை ஒரு கடித உறையில் போட்டு வருடக்கணக்கில் லாச்சியில் வைத்திருந்தார்.

புத்தளத்து அம்மா, உங்கள் வாப்பாவின் வாக்கு அந்த 8,792 க்குள் இருக்கிறது. முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். மன்னியுங்கோ.

பெப்ரவரி 2

"இவ்வளவும் ஏன் இப்ப?" என்று கேட்ட இளைஞருக்கு.

எங்கள் ஒழுங்கை வெள்ளவாய்க்கால் இரண்டு மாரியாக அடைத்துக் கிடக்கிறது. ஒரு அலுவலகத்தில் மற்ற அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால் முதல் அலுவலகத்துக்கே எழுதித் தரச் சொன்னார்கள். மூன்றாம் முறை ஒரு பிள்ளை கேட்டது: "ஐயா, உங்கட எம்.பி. யார்?" வாயடைத்துப் போனேன். 1989 இலிருந்து விகிதாசாரம்: மாவட்டத்தில் கட்சி எடுத்த வாக்குக்கு ஏற்ப ஆசனம். யாழ்ப்பாணம், கிளிநொச்சி இரண்டும் சேர்ந்து ஒரே தேர்தல் மாவட்டம். 1977 இல் பதினொரு தொகுதிக்குப் பதினொரு எம்.பி. 2024 நவம்பர்த் தேர்தலில் மாவட்டம் முழுதுக்கும் ஆறு பேர். பழைய யாழ்ப்பாணத் தொகுதி இப்போது வாக்கு எண்ணுவதற்கான ஒரு பிரிவு மட்டும்தான். ஆறு பேரும் என் எம்.பி. என்கிறது சட்டம். யாருடைய படலையைத் தட்டுவது?

விகிதாசாரம் பிழை என்று சொல்ல வரவில்லை. நூற்றுக்கு முப்பத்தாறு கூட எடுக்காமல் வெல்லும் பழைய முறையை மேலே நானே காட்டியிருக்கிறேன். பழைய முறை திரும்பி வந்தால் சோனகத் தெருக்காரர் மாதிரி சிறு தொகையினருக்கு நன்மையா தீமையா என்று புத்தளத்து வாசகியிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் ஒரு பட்டணத்துக்குத் தன் பெயரில் ஒரு ஆள் வேண்டும். திட்டுவதற்காவது வேண்டும். அப்பாவும் சின்னையாவும் விறாந்தையில் முப்பது வருடம் சண்டை பிடித்தார்கள் என்றால், சண்டை பிடிக்கப் பெயர் சொல்ல ஒரு ஆள் இருந்தார்.

பெப்ரவரி 3

கொப்பி இன்னும் இருக்கிறதா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது. 1995 இடப்பெயர்வில் அம்மா அதை அரிசிப் பையின் அடியில் போட்டுச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோனா. முதல் பதிவு 1960 பெப்ரவரி. பதினாலு புத்தகம், கலிக்கோ. நூலகத்துக்காக அப்பா செய்த முதல் வேலை. கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். கண் சரியில்லாததால் ஒரு நாளைக்கு நாலைந்து பக்கம்தான் முடிகிறது.